மதகுக்காரியின் பதினோரு நிமிடம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் இருமல் விட்டதா? எடிட்டிங் அறையை ஏன் ஐஸ் பெட்டி மாதிரி வைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்.

‘ஒன்பது மதகுகள்’ புத்தக வரிசையின் மூன்றாம் படத்துக்கு நீ எடிட்டர் என்று எழுதியிருக்கிறாய். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. போனை எடுப்பது அப்பா. காது கேட்காமல் அவரே கேள்வி கேட்டு, அவரே பதில் சொல்லி, அவரே வைத்தும் விடுவார். நமக்குக் கடிதம்தான் கதி.

சந்தோஷம் ஒரு பக்கம். முதல் இரண்டு படத்தையும் எடுத்தவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்னொரு பக்கம். புத்தகத்தில் ராஜா குள்ளம். ஆணையில் கையெழுத்துப் போட முக்காலி மேல் ஏறி நிற்பான். சிரித்தவன் தலை அன்றைக்கே போய்விடும், அதனால்தான் அவனைப் பார்த்து நமக்கு உதறல் எடுக்கும். படத்தில் வருகிறவன் ஆறடி பயில்வான். அவனைப் பார்த்து யார் சிரிக்கப் போகிறார்கள்? படகுக்காரன் புத்தகத்தில் வாயைத் திறந்தாலே பொய். படத்தில் அவன் அழுதுகொண்டே உண்மை பேசுகிறான். கண் தெரியாத அந்தக் குதிரை ஒவ்வொரு கல்லாகக் குளம்பால் தடவி நாற்பது பக்கம் நடக்கும். படத்தில் நாலு கால் பாய்ச்சலில் பறக்கிறது. கண் தெரியாதது குதிரைக்கா, எடுத்தவர்களுக்கா?

நான் செய்து கொடுக்கும் பல் செட் யாருடைய சொந்தப் பல்லும் இல்லை. அது எனக்கும் தெரியும், மாட்டிக்கொள்கிறவருக்கும் தெரியும். ஆனால் கடித்தால் மேலும் கீழும் சேர வேண்டும். அந்த இரண்டு படமும் சிரித்துக் காட்ட மட்டும் லாயக்கான பல். மெல்ல முடியாது. நீயாவது ஒழுங்காகச் செய்.

முதலாளி மறுபடியும் பயிற்சிப் பேச்சை எடுத்தார். விபத்திலும் நோயிலும் காது மூக்கு போனவர்களுக்கு அதைச் செய்து பொருத்தும் வேலை. வெளியூரில் பத்து மாதம். என் கைக்கு அது வரும் என்கிறார். அப்பாவை வைத்துக்கொண்டு எங்கே போவது? அதை விடு.

நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உன் பல் செட் உவமை எடிட்டிங் அறை முழுக்கப் பரவி, டைரக்டர் வரை போய்விட்டது. “யாருப்பா இந்தம்மா, இவங்களைக் கொண்டு வந்து பக்கத்துல உட்கார வை” என்றார். அப்பாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

எனக்கு ஓர் உதவி வேண்டும். இந்தப் படம் சரியாக வந்தால் மீதி ஆறு படமும் எனக்குத்தான் என்று தயாரிப்பாளர் அம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் படம் இரண்டு மணி பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எடுத்து வைத்திருப்பதோ மூன்று மணி நேரத்துக்கு மேல். எதைத் தொட்டால் உனக்குக் கோபம் வரும் என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. சுவரில் ஒட்டிக்கொள்கிறேன். எனக்கு நீ எழுதுவதுதான் சட்டம். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் புத்தகத்தைத் திறந்ததே இல்லை.

முதலாளியைக் கேட்டதாகச் சொல். வேறொன்றுமில்லை.

தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலம். அப்பாவுக்குப் புது நடைவண்டி வாங்கியாகிவிட்டது. அதற்குச் சக்கரம் இருப்பதால் வீட்டுக்குள்ளேயே பஸ் ஓட்டுவதாக நினைப்பு. சமையலறை வாசலில் நின்று “ஹார்ன் எங்க?” என்று கேட்கிறார்.

நீ கேட்ட பட்டியல் தனித்தாளில் இருக்கிறது. மொத்தம் பதினான்கு. ராஜாவை இனிமேல் குள்ளமாக்க முடியாது, சரி. முக்காலியையாவது காட்டு, ஏறட்டும். குதிரை நடக்க வேண்டும், எவ்வளவு நேரமானாலும். படகுக்காரன் குறைந்தது மூன்று பொய்யாவது சொல்ல வேண்டும், அதில் ஒன்றை நாமும் நம்ப வேண்டும். உப்புச் சுரங்கத்தில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது, பின்னணி இசையும் வேண்டாம். மந்திரக்காரக் கிழவர் சாகும்போது வசனம் பேசக் கூடாது. புத்தகத்தில் பாவம் அவர் தும்மிவிட்டுத்தான் சாகிறார். மற்றதைத் தாளில் பார்.

இதெல்லாம் இருந்தால் போதும், நான் வாயைத் திறக்க மாட்டேன். மூன்றாம் புத்தகத்தை உனக்குப் படித்துக் காட்டியவள் நான்தானே. எனக்கு அதில் எந்தப் பக்கமும் மறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீர் நிறையக் குடி.

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஆறு வாரமாகக் கடிதம் போடவில்லை என்று கோபிக்காதே, பகல் எது, சாயங்காலம் எது என்றே தெரியாத அறை இது. அப்பா பஸ்ஸை எங்கேயும் மோதாமல் இருக்கிறாரா?

பெரிய செய்தி. உன் பதினான்கும் படத்தில் இருக்கிறது, பதினான்கும். குதிரை முழுசாக ஏழு நிமிடம் நடக்கிறது. தயாரிப்பாளர் அம்மா கொட்டாவி விட்டார். நான் சுவரில் இருந்த உன் தாளைக் காட்டி, “புத்தகம் படிச்சவங்க இதுக்காகத்தான் வருவாங்க” என்றேன். கிழவர் தும்மினார், அறையில் இருந்த உதவி எடிட்டர் அழுதுவிட்டாள்.

இதற்கெல்லாம் இடம் பண்ண வேறு எதையாவது எடுக்க வேண்டியிருந்தது. பட்டியலில் இல்லாத பகுதியில் பதினோரு நிமிடத்தை வெட்டி எடுத்தேன். கதை தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 12ஆம் தேதி நூறு பேரை மட்டும் கூப்பிட்டு முன்னோட்டக் காட்சி போடுகிறார்கள். பார்த்துவிட்டுப் படிவம் நிரப்பித் தர வேண்டும். உனக்கு ஒரு சீட்டு இத்துடன் இருக்கிறது. வந்தே ஆக வேண்டும்.

தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். வருகிறேன். எதிர்வீட்டு நர்ஸ் இரண்டு நாள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். நான் ஊரை விட்டு வெளியே போய் எவ்வளவு நாள் ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

தம்பி படம் என்று தாட்சண்யம் பார்க்க மாட்டேன், படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். பேனாவில் மை நிரப்பியாகிவிட்டது.

உனக்கு ஏதாவது கொண்டு வரவா? கேட்டாலும் நீ சொல்ல மாட்டாய், நானே கொண்டு வருகிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

நலமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா?

விளக்குப் போட்டதும் உன்னைத் தேடி வந்தேன். இருக்கையில் நீ கொண்டு வந்த பை மட்டும் இருந்தது, என் பெயர்ச்சீட்டு குத்தி. உள்ளே இரண்டு ஸ்வெட்டர். வாசலில் நின்ற ஆள், “அந்தம்மா படிவத்தைக் குடுத்துட்டு அப்பவே போயிட்டாங்களே” என்றார்.

படிவங்களைப் பிரித்தபோது உன் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். எல்லாக் கேள்விக்கும் ‘நன்று’. கடைசியில், ‘குறைகள் இருந்தால் எழுதவும்’ என்று அரைப் பக்கம் விட்டிருந்தோம். மற்ற எல்லோரும் அதை நிரப்பிப் பின்பக்கத்திலும் எழுதியிருந்தார்கள். உன்னுடையது மட்டும் வெள்ளையாக இருந்தது.

உனக்கு உடம்புக்கு ஏதாவதா? எழுது.

தம்பி


மே 2

அக்காவுக்கு,

இரண்டு வாரமாகிறது, பதில் இல்லை. நேற்றுப் போன் செய்தேன். அப்பா எடுத்தார். “அக்கா எங்கப்பா?” என்று நாலு தடவை கத்தினேன். “வேலையா இருக்கா” என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்குக் கேட்டுவிட்டது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 30 அன்று படத்தைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு வினாடியைக் கூட மாற்ற முடியாது. ராஜா பிடிக்கவில்லையா? குதிரையா? திட்டியாவது எழுது.

தம்பி


மே 9

தம்பிக்கு,

நான் நலம். அப்பாவும் நலம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் படிவத்தில் எழுத அரைப் பக்கம் போதாது என்பதால் எழுதவில்லை.

மூன்றாம் புத்தகத்தில் நம் கதாநாயகன் இளையவன் ஆற்றைக் கடக்க வேண்டும். மதகை அடைத்தால்தான் தண்ணீர் நிற்கும். அதன் சங்கிலியை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் வெள்ளம். அவன் அக்கா பிடிக்கிறாள். இவன் போகிறான். புத்தகத்தில் அவளுக்குப் பெயர் கூட இல்லை, மதகுக்காரிதான். நீ அவளை வெட்டி எடுத்துவிட்டாய். உன் படத்தில் அவன் சங்கிலியை ஒரு கல்லில் சுற்றுகிறான், முடிச்சுப் போடுகிறான், ஓடுகிறான். மொத்தம் ஆறு வினாடி. நான் இருட்டில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு கல்லே போதுமென்றால் இத்தனை நாள் நான் எதற்கு?

பட்டியலில் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். பதினான்கு எழுதினேனே, பதினைந்தாவதாக எழுதப் பேனாவை வைத்தேன், கை வரவில்லை. அவளைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றிக் கேட்டு வாங்குகிற மாதிரி ஆகிவிடும். ராஜாவின் உயரத்தை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது, சரி. அவளையும் ஞாபகப்படுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

அப்பாவுக்கு இடுப்பு உடைந்த வருஷம் நீ சினிமாப் பள்ளிக்குப் போனாய். “ஒரு வருஷம்தான்க்கா” என்றாய். ஒன்பது வருஷம் ஆகிறது. ‘இதைக் குறையாகச் சொல்லவில்லை’ என்று எத்தனையோ கடிதத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது குறையாகத்தான் சொல்கிறேன். ஜனவரியில் அந்தப் பயிற்சியைப் பற்றி எழுதினேன். அதை விடு என்று நான் சொன்னால், நீ உடனே விட்டுவிடுவதா? முதலாளியைக் கேட்டதாகச் சொல் என்று எழுதினாய். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். மூன்றாவது முறையாக என்னைக் கேட்டிருக்கிறார், நான்காவது முறை கேட்க மாட்டார். சேர வேண்டிய கடைசி நாள் ஜூன் 15.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான்காம் புத்தகத்திலிருந்து ஒன்பதாம் புத்தகம் வரை அவள் என்ன ஆனாள் என்று ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இளையவன் அரசனாகிறான், கல்யாணம் செய்கிறான், ஊர் ஊராகப் போகிறான். அவள் அங்கேயே சங்கிலியைப் பிடித்தபடி நிற்கிறாள். எழுதினவருக்கும் மறந்துவிட்டது. நீ புத்தகத்தைக் கெடுத்துவிட்டாய் என்று நான் சொல்ல வரவில்லை. கெடுக்க வேண்டிய ஒரே இடத்தை விட்டுவிட்டு அவளையே தூக்கிவிட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமில்லை. உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு வேலை ஓடவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அவள் உன் பட்டியலில் இல்லாததைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தினம் காலையில் திரையைப் போட்டால் அவள் சங்கிலியோடு நிற்பாள், என்னால் பார்க்க முடியவில்லை. நீ எழுதாததை நீ கொடுத்த அனுமதி என்று வைத்துக்கொண்டேன். மறந்து வெட்டவில்லை அக்கா, தெரிந்துதான் வெட்டினேன்.

மறுநாள் தயாரிப்பாளர் அம்மாவிடம் போய், அவளைத் திரும்ப வைக்க வேண்டும் என்றேன்.

“அந்தப் பொண்ணு நிக்கறதைத் தவிர என்ன பண்றா? கதை நகரவே மாட்டேங்குது.”

“அவ நிக்கறதாலதான் மேடம் மத்தவங்க நகர்றாங்க.”

“பதினோரு நிமிஷத்துக்கு எங்க போவ?”

“குதிரைகிட்ட போவேன்.”

உன் பதினான்கில் ஐந்து போய்விட்டது. குதிரை இரண்டு நிமிடம்தான் நடக்கிறது. படகுக்காரனுக்கு ஒரு பொய் குறைந்துவிட்டது. கிழவர் தும்முகிறார், அதை விட மாட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். டைரக்டர் ‘கட்’ சொன்ன பிறகும் சில சமயம் கேமரா ஓடிக்கொண்டிருக்கும். எல்லோரும் தூக்கிப் போடும் அந்தத் துண்டுகளை நான் பார்ப்பது வழக்கம். மதகுக் காட்சி எடுத்த அன்றைக்கு ‘கட்’ சொன்னதும், மதகுக்காரியாக நடித்தவள் சங்கிலியைக் கீழே போடுகிறாள். இரண்டு கையையும் உதறுகிறாள். உள்ளங்கையைத் தடவிப் பார்க்கிறாள். கேமரா பக்கம் திரும்பாமல் படியேறிப் போய்விடுகிறாள். பத்தொன்பது வினாடி. இளையவன் அக்கரை சேர்ந்த பிறகு அதை வைத்து, கீழே வெள்ளத்தின் சத்தத்தைச் சேர்த்தேன். படம் அதோடு முடிகிறது.

டைரக்டர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். “புக் படிச்சவங்க நம்மளை உரிச்சிடுவாங்கப்பா” என்றார். “உரிக்கறதுல முதல் ஆளு எங்கக்காதான் சார்” என்றேன். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, “இருக்கட்டும்” என்று எழுந்து போய்விட்டார்.

நான்காம் படத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தயாரிப்பாளர் அம்மாவுக்கு வருத்தம்தான், எனக்கும்தான், இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஜூன் 10 காலை அங்கே இருப்பேன், பத்து மாதம். சின்ன விளம்பரப் படங்களை வீட்டிலிருந்தே வெட்டலாம். அப்பாவிடம் போனில் கத்திச் சொன்னேன். “முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். மாத்து டிரைவர் வந்தா வண்டியைக் குடுத்துட்டு இறங்கிப் போயிட்டே இருப்பேன். உங்கக்காவுக்கு இறங்கவே தெரியல. நீ சீக்கிரம் வா” என்றார்.

நீ பெட்டியைக் கட்டு.

தம்பி


ஜூன் 1

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ வரும் வரை நலமாகவே இருப்போம், அதற்குப் பிறகு அப்பா பாடு உன் பொறுப்பு.

உனக்கு ஒரு பட்டியல் தேவைப்படும். காலை ஆறு மணிக்கு அவரை எழுப்பாதே, ஐந்தே முக்காலுக்கு அவர் உன்னை எழுப்புவார். மாத்திரை நீலம் சாப்பாட்டுக்கு முன்னால், வெள்ளை பின்னால். விழுங்கிவிட்டேன் என்பார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார். குளிக்கும்போது வெளியே நின்று உரக்கப் பேசிக்கொண்டே இரு, பதில் நின்றால் கதவைத் தள்ளு. தாழ்ப்பாளை நான் கழற்றிவிட்டேன். வலி இருக்கிற அன்றைக்கு அதிகம் ஜோக் அடிப்பார். வியாழக்கிழமைகளில் அம்மாவைப் பற்றிப் பேசுவார், அவசரப்படுத்தாமல் உட்கார்ந்து கேள்.

இந்தப் பட்டியலில் நான் எதையும் விடவில்லை.

ஐந்து போனதில் உப்புச் சுரங்கம் இல்லையே? இருந்தால் சொல்லாதே. பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டேன். முதலாளி மேஜையைத் தட்டி, “இப்பவாவது வந்தியே” என்றார். உனக்கு நன்றி சொல்லப் போவதில்லை. ஆனால் உன் கடிதத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன், இரண்டு தடவை.

பத்திரமாக வந்து சேர்.

உன் அக்கா


செப்டம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். அப்பாவும் நீயும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்தாமல் இருக்கிறீர்களா? வியாழக்கிழமை நீ அழுததாக அப்பா எழுதியிருந்தார். அவருக்கு ரகசியம் தங்காது.

என் அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலுக்கு வெளியே சலவைக்கடையின் ஆவிக்குழாய். போன வாரம் முதல் காதைச் செய்து முடித்தேன். ஒரு தச்சருக்கு. மற்றக் காதைப் பார்த்து மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, தோலின் நிறத்துக்கு ஏழு முறை கலந்து பார்த்தேன். அவர் கண்ணாடியில் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து அந்தக் காதின் மேல் செருகிப் பார்த்தார். நின்றது. நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நேற்று உன் படத்துக்குப் போனேன், தனியாக, மாலைக் காட்சிக்கு. ராஜா இன்னும் பயில்வான்தான். முக்காலி மேல் ஏறினால் தலை உத்தரத்தில் இடிக்கும் போலிருக்கிறது. குதிரைக்கு என்ன அவசரமோ தெரியவில்லை. உப்புச் சுரங்கத்தில் வயலின் வாசிக்கிறார்கள், அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். கிழவர் தும்மியபோது அரங்கமே சிரித்துவிட்டு உடனே அடங்கிப்போனது. சபாஷ்.

பிறகு அவள் வந்தாள். பதினோரு நிமிடம் நின்றாள். பக்கத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை. கடைசியில் சங்கிலி கீழே விழுந்தது. அவள் கையை உதறி, உள்ளங்கையைப் பார்த்துவிட்டுப் படியேறினாள். என் கை தன்னால் மடியில் விரிந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

எனக்குப் பின் வரிசையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். விளக்கு வருவதற்குள் ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. “என்னடி இது, அவ கடைசி வரைக்கும் அங்கேயேதான நிப்பா? தப்பா எடுத்து வெச்சிருக்காங்க” என்றாள்.

நான் திரும்பி, “ஆமாம்மா, தப்பாத்தான் எடுத்திருக்கான்” என்றேன். “என் தம்பி.”

உன் அக்கா